கடல் பார்த்த மாடவீடு இன்னும் ஒழியாமை குறித்து வெள்ளாற்று வேந்தருக்கு

வளம் பொலிக. மழை பிழையாதிருக்க. பெய்யும் மழை வீட்டுக்குள் வாராதிருக்க.

பூஞ்சுனை நாட்டின் தலைவரும், மூன்று போர்களில் புறங்காட்டாதவரும், துறைமுக வீதியில் ஒரு மாடவீட்டின் உரிமையாளருமாகிய நெடுங்கீரனார் பணிக்க, ஓலை அமைச்சன் அறிவன்தேவன் எழுதுவது. வெள்ளாற்று நாடாளும் மாநாகனார், எமக்குச் சம்பந்தியாகவிருக்கும் பெருமான், தம் தேவியாரோடும் மணமகனாகிய இளவரசர் பொன்னவரோடும் நலமே வாழ்க.

தை பிறக்குமுன் அவ்வீட்டை ஒழித்து மணமக்களுக்குத் தருவதாக எம் வேந்தர் நிச்சய நாளில் வாக்களித்தார். இளவரசர் ஏறிவந்த மரக்கலத்தை எங்கள் இளவரசி கயல்நங்கை முதன்முதல் கண்டது அதன் மேல்மாடத்திலிருந்துதான். ஆதலால் அங்கேதான் குடித்தனம், இல்லையேல் மாலையே வேண்டா என்று அவர் உறுதியாக நிற்கிறார். வீடோ இன்னும் ஒழியவில்லை. காரணம் கூற வேந்தர் நாணுவதால் அடியேன் கூறுகிறேன்.

அவ்வீட்டை வாங்கிய நாளில், குடிக்கூலி தானே நடந்து வரும், தாம் சாய்ந்தமர்ந்து யாழ் கேட்கலாம் என்று வேந்தர் எண்ணினார். நடந்து வந்தவை வேறு. ஆடிக் காற்றில் கதவு கழன்றது. ஐப்பசியில் கூரை ஒழுகியது. சாக்கடை அடைத்துக்கொண்ட அன்று, அங்குக் குடியிருக்கும் அப்பம் சுடும் மாசாத்தி அம்மையார் நேரே அவைக்கு வந்து, நாட்டைக் காப்பவருக்கு ஒரு சாக்கடையைக் காக்கத் தெரியாதா என்று வினவினார். அயல்நாட்டுத் தூதர் சிரித்தார். வேந்தர் அதை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இட்ட உப்பை உண்டவர், அடுத்த மழைக்காலம் கழியும்வரை, இட்டவரை எவ்வீட்டிலிருந்தும் வெளியேறச் சொல்லலாகாது. வீட்டை ஒழிக்கச் சொல்லச் சென்ற கருவூலத் தலைவர், வெயிலில் வந்தீரே என்று அம்மையார் நீட்டிய மோரைக் குடித்தார். உப்பு மோர். அடுத்துச் சென்ற படைத்தலைவர் கொற்றனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே புறப்பட்டார். ஆயினும் கூரையைப் பார்த்துவிட்டுப் பேசலாமே என்று அம்மையார் கூற, ஏறி ஓடு மாற்றி இறங்கியபோது அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதித்தது. துணி மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது.

இறுதியில் வேந்தரே சென்றார், அரண்மனையில் வயிறார உண்டபின். அம்மையார் எதையும் நீட்டவில்லை. தாம் உண்டுகொண்டே, அரசருக்கு இதெல்லாம் எங்கே பிடிக்கப் போகிறது என்று மட்டும் சொன்னாராம். வேந்தர் மூன்று முறை கேட்டு வாங்கி உண்டார்.

தந்தை கெடுத்ததைத் தாமே சரிசெய்வதாக இளவரசி கிளம்பினார். அம்மையாரை அரண்மனைக்கு அழைத்துத் தம் கையால் சமைத்து விருந்திட்டார். தம் உப்பை அவர் உண்டுவிட்டால், தாம் அவ்வீட்டில் நுழைந்தபின் அவராலும் வெளியேறச் சொல்ல இயலாது என்பது இளவரசியின் கணக்கு. கணக்கு சரியே. பதற்றத்தில் எந்தக் கறியிலும் அவர் உப்புப் போடவில்லை.

அம்மையார் ஒரு கவளம் உண்டார். நெடுநேரம் மென்றார். இந்தப் பெண்ணைத் தனிக்குடித்தனம் வைத்தால் மாப்பிள்ளை மூன்றாம் நாளே மரக்கலம் ஏறிவிடுவாரே என்று இரங்கி, எவ்வழக்கமும் தம்மைக் கட்டாதபோதும், மேல்மாடத்தைத் தாமாகவே விட்டுத்தர இசைந்தார். கீழ்வீடும் அடுப்பும் அவரிடமே இருக்கும். மணமக்களுக்கும் அங்கேதான் சோறு. இளவரசி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். வேந்தர் சாளரத்தின் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்து, புகை என்றார்.

ஆகவே தை பத்தாம் நாள் மணம் உறுதி. இளவரசர் பொன்னவர் கடைப்பிடிக்க வேண்டிய கட்டளைகள் வருமாறு: விடியுமுன் மேல்மாடத்தில் முரசு அறையலாகாது. பட்டத்து யானையை வாசலில் கட்டலாகாது. உண்ண அழைத்தால் இரண்டாம் முறை அழைக்க வைக்கலாகாது. ஒழுகும் இடத்தை மணமகனே ஏறி அடைத்தல் வேண்டும்.

இவை யாவும் கீழ்வீட்டு மாசாத்தி அம்மையாரின் ஆணை. முத்திரை மட்டும் எம் வேந்தருடையது.