நாலு விரல் உயரத்துக்காக மாட்டிய சக்கரங்கள்

அண்ணாச்சி,

போன வெள்ளிக்கிழமை விளாத்திகுளம் பஸ்ஸில் என் மானம் போயிற்று. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டு போனேன். ரப்பர் கருகும் வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை தெரியாதா? டயர் மட்கார்டில் உரசுகிறது, வண்டியை ஓரங்கட்டுங்கள் என்று பெரிய என்ஜினியர் மாதிரி சத்தம் போட்டேன். பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி ஆறு சக்கரத்தையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் பார்த்தால், சூடான என்ஜின் மூடிமேல் கால் நீட்டியிருந்த என் செருப்புத்தான் கருகிக்கொண்டிருந்தது. கூடையோடு வந்த ஒரு அம்மா, "அண்ணாச்சிக்கு மட்டும் தனி டயரு போல" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எட்டயபுரம் தாண்டியும் அந்த வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. அந்த வாசனையை எனக்குப் பழக்கிவிட்டது உங்கள் மெக்கானிக் ஷெட்டுத்தான்.

உங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஊரில் தெரியாதவர் கிடையாது. மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டியது, பல கை மாறி உங்களிடம் வந்தபோதே அதற்கு இருபது வயசு. இரண்டே சீட்டு, கூரை கிடையாது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். மெக்கானிக் வேலை போக, முகூர்த்த நாள்களில் அதற்குப் பூச்சரம் சுற்றி மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நீங்களே ஓட்டிப் போவீர்கள். கோவில்பட்டியில் அந்தக் காலத்தில் கலியாணம் முடித்தவர்களில் பாதிப் பேர் அதில் கால் நீட்டி உட்கார்ந்தவர்கள்தான்.

அவசரநிலை முடிந்த வருசம், ஐப்பசியில் என் மூத்த மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை தங்கமான பையன். உயர விஷயத்தில் மட்டும் கடவுள் கொஞ்சம் சிக்கனம் பிடித்துவிட்டார். வேறொரு கலியாணத்தில் பார்த்திருந்தேன்; ஆறடி ஆளே உங்கள் காரில் உட்கார்ந்தபோது தவில்காரர் இடுப்புக்குத்தான் வந்தார். நம் மாப்பிள்ளை உட்கார்ந்தால் மாலை மட்டும் ஊர்வலம் போகிற மாதிரி இருக்குமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் வகுப்பு படித்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. சக்கரத்தைப் பெரிசாக்கினால் கார் உயரும். கார் உயர்ந்தால் மாப்பிள்ளையும் உயர்வார்.

நீங்கள் கேட்டதும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். "கரிசல் மண்ணு மிதிச்ச காலையே விடாது வே. பெரிய சக்கரம் போட்டா டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல் போகாது. மாட்டுவண்டிக்கு ஏன் மட்கார்டு வைக்கலைன்னு நினைக்கீரு?"

நான் புண்ணாக்குக் கடைக்காரன்; மட்கார்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அந்த முகத்துக்கு நீங்கள் என்றைக்குமே தோற்றுப்போவீர்கள்.

மதுரையில் பழைய இரும்புக் கடையில் வேறொரு பெரிய காரின் சக்கரங்கள் நாலு கிடைத்தன. போல்ட்டு ஓட்டைகள் ஒத்துவரவில்லை. பழைய ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, லேத்தில் கொடுத்துப் புதுசாகத் துளை போட்டீர்கள். மட்கார்டின் உள்விளிம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி மேலே மடக்கினீர்கள். நான் பக்கத்தில் நின்று யோசனை சொன்னேன். வேலை அதனால் இரண்டு நாள் கூடுதலாக இழுத்தது. ஓட்டிப் பார்த்தபோது மீட்டர் நாற்பது காட்ட, கார் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. "மீட்டரும் பொய் சொல்லப் பழகிட்டு வே" என்றீர்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உரசி அந்த வாசனை வந்தது. "நேராப் போனா ராஜா, திருப்பினா கழுதை." ஆனால் கார் நாலு விரல் உயர்ந்திருந்தது. விரலை வைத்தே அளந்து பார்த்துக்கொண்டேன்.

ஊர்வலத்தன்று மத்தியானம் ஒரு பாட்டம் மழை. சாயங்காலம் வெறித்து நின்றுவிட்டது. பிள்ளையார் கோயிலில் புறப்பட்டுத் தார் ரோட்டில் வந்தவரை மாப்பிள்ளை நன்றாகத் தெரிந்தார். எனக்குக் கண் நிறைந்தது. மண்டபத்துக்குத் திரும்புகிற மண்பாதையில் பத்தடி போயிருக்காது. சேறு டயரில் அப்பி அப்பி மட்கார்டுக்குள் கெட்டித்துக்கொண்டது. முன்சக்கரம் உருளவும் இல்லை, திரும்பவும் இல்லை. முன்னால் போன நாகசுரமும் தவிலும் இது தெரியாமல் வாசித்துக்கொண்டே போய்விட்டன. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்க, மாப்பிள்ளை இல்லாமல் மேளம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து குனிந்து பார்த்தார். ஆவணியில் வேறொரு ஊர்வலத்தில் இதே காரைப் பார்த்தேன், இத்தனை ஒசரம் இல்லையே என்றார். மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கேட்டார்:

"எங்க பிள்ள குட்டைன்னு ஏத்துனீயளோ?"

என் தலை ஆமாம் என்று கொஞ்சம் அசைந்திருந்தால் போதும். காரைத் திருப்ப முடியாவிட்டாலும் மாப்பிள்ளையைத் திருப்பியிருப்பார்கள். உள்ளே என் மகள் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள்.

காருக்கு அடியில் சேற்றைக் கையால் வழித்துக்கொண்டிருந்த நீங்கள் தாய்மாமனைப் பார்த்துத் தலையை நீட்டினீர்கள். வெள்ளைச் சட்டை சேற்றில் தெரியவில்லை. "நாந்தான் மாட்டினேன் அண்ணாச்சி. பள்ளத்துல அடி தட்டக் கூடாதேன்னு ஒரு கிறுக்கு. இவியளுக்கு ஒண்ணுந் தெரியாது."

அவர் உங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டத் திட்ட அவருக்குக் கோபம் ஆறியது. நீங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே சேற்றை எடுத்து முடித்தீர்கள். நாலு பேர் தள்ளினோம். கார் வாசலுக்கு வந்தது.

மறுநாள் என் மகள் கழுத்தில் தாலி ஏறியது. உங்கள் பேர் இறங்கியது. மறுவாரமே பழைய சக்கரங்களை மாட்டிவிட்டீர்கள். என்ன பிரயோசனம்? பாதி வழியில் நின்ற வண்டி என்று சகுனம் பார்த்தார்கள். அப்புறம் ஒரு வீட்டிலும் அதை ஊர்வலத்துக்குக் கூப்பிடவில்லை. அதன்மேல் சாக்கைப் போர்த்தி மூடிய அன்று நான் ஷெட்டுக்கு வந்திருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேத்தி தவழ ஆரம்பிச்சுட்டாளா வே?" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். தவழுகிறாள் என்றேன். அதற்குமேல் நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நீங்களும் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

உங்கள் பதினாறாம் நாள் சாப்பாட்டில் ஒருவர் ஆரம்பித்தார். மனுசன் தங்கமான வேலைக்காரன், ஆனால் ஒரு கலியாணத்தில் கிறுக்குத்தனமாகப் பெரிய சக்கரத்தை மாட்டிவைத்து என்று. பந்தியே சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தார்கள். உங்கள் மகன் மட்டும் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கத்தில் மருமகன். எதிரே அவருடைய தாய்மாமன். இப்போது காது மந்தம். கலியாணம் முடிந்து பன்னிரண்டு வருசம் ஆகிவிட்டது, பேரப்பிள்ளைகள் மூன்று. இனி யாரும் யாரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக முடியாது. வாயைத் திறந்தேன். பரிமாறுகிறவர் குழம்பா ரசமா என்று கேட்டார். ரசம் என்றேன்.

சொல்ல வந்தது இதுதான் அண்ணாச்சி: "அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ. பெரிய சக்கரம் கேட்டது நான்."