மீட்டரில் ஐந்து, போனில் பூஜ்யம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் இரண்டே காலுக்குப் போன கரெண்ட் ஆறு மணிக்குத்தான் வந்தது. தெருவெல்லாம் தோண்டிப் போட்டு மின்கேபிள் மாற்றுகிறார்கள். இன்னும் மூன்று வாரத்துக்கு இப்படித்தானாம். என் போன் ஒரு கிழடு. நாற்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டுப் பொசுக்கென்று அணைந்துவிடும்.

போன மாதம் காய்ச்சலில் பாப்பாவுக்கு வலிப்பு வந்த அன்றும் கரெண்ட் இல்லை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன, என் கையில் செத்துப்போன போன். எதிர்வீட்டு டைலர் அக்கா ஊரில் இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடித் தெருவில் நின்று கத்தினேன். பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "இந்த வயசுல மறுபடியும் வரலாம். வந்தா உடனே போன் பண்ணுங்க." உடனே போன் பண்ணணுமாம். எதுல?

வெளியூர் வேலைக்குப் போகுமுன் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த பவர் பேங்க் தலையணை மாதிரி உப்பிவிட்டது. பதினான்கு மாதக் குழந்தை எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் வீட்டில் அந்தச் சமாச்சாரமே இனி வேண்டாம். சாதாரண பேட்டரியில் நானே ஒரு சார்ஜர் செய்யப்போகிறேன். நான்கு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்தது பால் புட்டி கழுவவா?

மார்ச் 5, வியாழன்

பாப்பா தூங்கிய நாற்பது நிமிஷத்தில் செய்து முடித்துவிட்டேன். ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி, அதை ஐந்தாக இறக்கித் தர ஒரு ரெகுலேட்டர், போன் வயரைச் சொருக ஒரு யுஎஸ்பி வாய். எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள். வாய்க்கு நான்கு கால்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கரெண்டுக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு. எனக்குத் தகவல் எதுவும் வேண்டாம். ஒன்றோடொன்று பட்டுவிடப்போகிறதே என்று நடுக்கால்கள் இரண்டிலும் நெயில் பாலிஷ் தடவி, அதன்மேல் பசையை உருக்கி ஊற்றி மூடினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பாப்பா விரலை விட்டாலும் ஒன்றும் ஆகாது.

மீட்டர் வைத்தால் 5.02. அப்படியொரு பெருமை எனக்கு.

போனைச் சொருகினேன். மின்னல் குறி ஒரு நொடி வந்தது. போய்விட்டது.

மார்ச் 6, வெள்ளி

சொருகினேன், பிடுங்கினேன், சொருகினேன். முப்பது தடவை. ஒன்றுமில்லை.

மார்ச் 7, சனி

பாலம் கட்டும் இடத்திலிருந்து அவர் கூப்பிட்டார். "இன்னொரு பவர் பேங்க் வாங்கித் தொலையேன், எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழற?"

"மீட்டர்ல சரியா அஞ்சு காட்டுதுங்க."

"அப்ப மீட்டர்லயே பேசு."

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அணைந்துவிட்டது. கோபத்தில் நான்தான் வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

மார்ச் 9, திங்கள்

மானத்தை விட்டுவிட்டுப் பெட்டியை செல்போன் ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க இது, குண்டா?"

"சார்ஜர்."

"ஓ."

அந்த 'ஓ'வுக்கே திரும்பி வந்திருக்க வேண்டும். மேஜையில் இருந்த குட்டி யுஎஸ்பி ஃபேனைப் பெட்டியில் சொருகிவிட்டு மீட்டரை வைத்தாள். ஐந்தில் இருந்த முள் நாலு, மூன்றரை, மூன்று என்று சரிந்தது. ஃபேன் முனகிவிட்டு நின்றது.

"சும்மா இருக்கறப்ப அஞ்சு. வேலை குடுத்தா மூணு. எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு. இந்தச் சதுர பேட்டரிக்கு அவ்வளவு தெம்பு கிடையாதுங்க. பென்சில் செல் ஆறு போடுங்க."

சுமை கொடுத்து அளக்க வேண்டும். இரண்டாம் வருஷப் பாடம். நான் அதில் முதல் வகுப்பு வேறு. மூளையைப் பிரசவ வார்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேனா?

மார்ச் 10, செவ்வாய்

ஆறு செல் போட்டாயிற்று. ரெகுலேட்டர் சுட்டது, சூட்டை இழுக்க ஒரு அலுமினியத் தகட்டை அதன் முதுகில் முடுக்கினேன். எங்கள் வீட்டுக் குட்டி ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. டைலர் அக்காவின் பட்டன் போனுக்கு சார்ஜ் ஏறுகிறது. என் போனுக்கு மட்டும் ஏறவில்லை. மூன்று வயர் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

"உன் போனுக்குத் திமிரும்மா," என்றார் அக்கா. "என்னோடது குடுக்கறதைச் சாப்பிடும்."

சாயங்காலம் பாப்பாவை அதட்டிவிட்டேன். அப்படி என்ன செய்துவிட்டாள்? கீழே விழுந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவ்வளவுதான். வாயில் கூட வைக்கவில்லை. உதடு பிதுங்கிப் போயிற்று அவளுக்கு. உனக்காகத்தானேடீ இவ்வளவும் — உன்னையே கத்தறேனே, நான் என்ன ஜென்மம்?

மார்ச் 12, வியாழன்

பாப்பாவுக்கு நெற்றி லேசாகச் சுட்ட மாதிரி இருந்தது. பதினோரு தடவை தெர்மாமீட்டர் வைத்தேன். ஒன்றுமில்லை. போன் மதியமே செத்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

மறுபடியும் கடை. இந்த முறை பாப்பா இடுப்பில், பெட்டி கையில்.

"ஃபேன் ஓடுது. பட்டன் போனுக்கு ஏறுது. இதுக்கு மட்டும் என்ன கேடு?"

"நடுவுல ரெண்டு கால் இருக்குமே, அதை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலயே. பத்திரமா மூடி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"ஒண்ணோட ஒண்ணு பட்டுடக் கூடாதுன்னு."

அவள் என்னைப் பார்த்தாள், பசை மலையைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். பாப்பாவும் சேர்ந்து சிரித்தது, துரோகி.

"இந்த மாதிரி போன் சொருகினதும் முதல்ல அந்த ரெண்டு காலைத்தாங்க பாக்கும். ரெண்டும் சேர்ந்திருந்தா சார்ஜர்னு நம்பும். இல்லன்னா யாரோ எவரோன்னு வாயை இறுக்கி மூடிக்கும். பட்டன் போனுக்கு அந்த விசாரணையெல்லாம் கிடையாது. நீங்க அது ரெண்டையும் சேர்த்து வைக்கணும். பிரிச்சு வச்சு சமாதியே கட்டிட்டீங்க."

படித்த பாடத்தில் இது இல்லை. இருந்திருந்தாலும் நான் மூடித்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து பிளேடால் பசையைச் சுரண்டினேன். பாதியில் பாப்பா விழித்துவிட்டாள். மீதி நாளைக்கு.

மார்ச் 14, சனி

இரண்டு காலுக்கும் நடுவே ஒரே ஒரு சொட்டு ஈயம். அவ்வளவுதான் வேலை. இதற்கு ஒன்பது நாள்!

போனில் 23 சதவீதம். 24. 25 ஆகும்வரை தரையை விட்டு எழவில்லை. பெட்டி இப்போது பாப்பாவுக்கு எட்டாத மேல்தட்டில். படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பதில்: "வெடிக்காதே?"

மார்ச் 19, வியாழன்

காலையிலிருந்தே பாப்பா சோர்ந்து கிடந்தாள். மதியம் கரெண்ட் போனபோது காய்ச்சல் நூற்றிரண்டரை. மருந்து கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். பெட்டியைத் தட்டிலிருந்து இறக்கி, போனை அதில் சொருகியபடியே ஸ்பீக்கரில் வைத்துத் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பாவின் கண் மேலே போயிற்று.

"சிஸ்டர், ஆரம்பிச்சிடுச்சு. சிஸ்டர் — "

"பயப்படாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில எதையும் வைக்காதீங்க, கையைப் பிடிச்சு அமுக்காதீங்க. கடிகாரம் இருக்கா? பாருங்க. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. நான் லைன்லயே இருக்கேன்."

போன தடவை நான் அவள் கையைத்தான் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷம் நாற்பது நொடி. சிஸ்டர் சத்தமாக எண்ணினார், நானும் கூடவே எண்ணினேன். நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அழுதாள்.

"அழறாளா? நல்லது. அழட்டும்," என்றார் சிஸ்டர். ஆம்புலன்ஸ்காரர் கதவைத் தட்டும்வரை அவர் போனை வைக்கவில்லை. போனும் அணையவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை என்று ஏழு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சேதி கேட்டதும் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார், விடிந்ததும் வந்துவிடுவார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கரெண்ட் எப்போது வந்ததோ.

பாப்பா என் வலது கைமேல் தலை வைத்துத் தூங்குகிறாள். இடது கையால் கிறுக்குகிறேன். பெட்டியில் செல் இறங்கியிருக்கும். நாளைக்கு ஆறு வாங்க வேண்டும்.

பன்னிரண்டாகவே வாங்கிவிடுகிறேன்.