ஏழாவது பிரிவை அனுப்பியது நான்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸ் நான்கு மாடி மேலே மாறியது. மேஜையின் கடைசி இழுப்பறையைக் காலி செய்தபோது உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடிக் கட்டி கையில் தட்டுப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தால் அதில் வேலை செய்த வக்கீல்களுக்கெல்லாம் ஞாபகார்த்தமாகக் கொடுப்பார்களே, அது. உள்ளே ஒரு முந்திரிக்கொட்டை. கீழே இரண்டு கம்பெனிகளின் பெயரும் 2004 என்ற வருஷமும். உனக்கு அது கிடைக்கவில்லை. அதைக் கொடுத்த அன்றைக்கு நீ ஹூஸ்டனிலேயே இல்லை.

சென்னையில் ஒன்றாகச் சட்டம் படித்தோம். டெக்சஸில் மேற்படிப்பு முடித்து, இங்கே வக்கீல் பரீட்சையும் எழுதி, ஒரே நிறுவனத்தில் சேர்ந்தோம். ஆப்பிரிக்காவில் கம்பெனி வாங்குகிற, அங்கே உள்ளவர்களோடு கூட்டு சேர்கிற அமெரிக்கர்களுக்கு ஒப்பந்தம் எழுதுகிற பிரிவு. கீழக்கரையிலிருந்து உன் வாப்பா போனில் கேட்பார்: "அங்க யாருக்கு வக்கீலா இருக்கே?" "பணம் இருக்கிறவங்களுக்கு, வாப்பா" என்று சொல்லிச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது. என் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. உன்னுடையதை அவர்கள் இன்னும் தொடங்கவே இல்லை.

ஸுஹுரா அம்மாவை நீ கடைசிவரை மறந்திருக்க மாட்டாய். தான்சானியாவின் கடலோரத்தில் முந்திரி உடைக்கிற ஆலை நடத்தியவர். கணவர் போனபிறகு தனியாக நடத்தியவர். நம் கிளையன்ட் அந்த ஆலையில் பெரும்பங்கு வாங்கிக் கூட்டு சேர வந்தது. பேசி முடிக்க அவரே ஹூஸ்டன் வந்தார். எல்லோரும் "மாமா ஸுஹுரா" என்று கூப்பிட, "நம்ம ஊர்ல மாமான்னா மீசை இருக்கணும்டி" என்று என் காதில் சொன்னாய். அவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மா.

மூன்று நாள் பேச்சில் அவர் விலைக்குக்கூட அதிகம் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். தன் சம்மதம் இல்லாமல் ஆலையை மூடவோ விற்கவோ கூடாது. கிளையன்ட் ஒப்புக்கொண்டது. ஏழாவது பிரிவாக அதை எழுதியவள் நீ. உன்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "என் வக்கீலுக்கு வயதாகிவிட்டது, மகளே. நீ எழுதியதை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உங்கள் வக்கீல் இல்லை, எதிர்த்தரப்பு என்று நீ சொல்லத்தான் செய்தாய். "தெரியும்" என்றார். கையை விடவில்லை.

கையெழுத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கிளையன்ட் அந்தப் பிரிவை மாற்றச் சொன்னது. ஸுஹுராவின் சம்மதம் என்று இருந்த இடத்தில் இயக்குநர்களில் பெரும்பான்மையோரின் சம்மதம். ஐந்து இயக்குநர்களில் மூன்று பேர் கிளையன்டின் ஆட்கள். மாற்றம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் மாற்றிய இடத்தையெல்லாம் சிவப்பில் காட்டித்தான் எதிர்த்தரப்புக்கு அனுப்புவோம். இந்த முறை சிவப்பு வேண்டாம், எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பு என்றார் நம் பாஸ். நீ மாட்டேன் என்றாய். அவர் என் அறைக்கு வந்தார்.

காபி மெஷின் பக்கத்தில் நீ என்னை நிறுத்தினாய்.

"நீ அனுப்பப் போறியா?"

"அவங்களுக்குன்னு ஒரு வக்கீல் இருக்காருல்ல? படிச்சுப் பார்க்கறது அவர் வேலை."

"எழுத்துப்பிழைன்னு சொன்னா யாருடி அவ்வளவு பக்கத்தையும் மறுபடி படிப்பாங்க?"

"எனக்கு வேற வழி இல்ல."

"இருக்கு. மாட்டேன்னு சொல்லு. நான் சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

நான் அனுப்பினேன். ஸுஹுரா அம்மா கையெழுத்துப் போட்டார். நீ அதோடு விடவில்லை. நிறுவனத்தின் மேலிடத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தாய். விசாரித்தார்கள். புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அந்த வாரமே உன்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். வேலையோடு விசாவும் போனது.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். ஃப்ரீவேயில் பாதி தூரம் போனதும் கேட்டாய்: "எப்படிடி ஆதாரம் இல்லன்னு முடிச்சாங்க? அந்த ஈமெயில் அங்கேயேதானே இருக்கு?" தெரியலை என்றேன். லேன் மாறுவதுபோலக் கண்ணாடியைப் பார்த்தேன். இறங்கும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "நீயாவது இங்க நல்லா இரு" என்றாய்.

எனக்குத் தெரியும். விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். மாற்றத்தைப் பற்றி எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், அது உனக்குத் தெரியாது என்றேன். அப்படி ஒரு போன் நான் பண்ணவே இல்லை. பாஸ் அதை எனக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட இல்லை. நானாக யோசித்துச் சொன்னது.

மூன்று வருஷத்தில் ஆலையை மூடினார்கள். இயக்குநர்களில் மூன்று பேர் கை தூக்கினார்கள், அவ்வளவுதான். அங்கே விளைகிற கொட்டை இப்போது உடைக்காமலே கப்பலேறி நாம் பிறந்த நாட்டுக்குத்தான் போகிறதாம். மூடிய வாரம் ஸுஹுரா அம்மா ஆபீசுக்குப் போன் பண்ணினார். லைன் என்னிடம் வந்தது.

"முக்காடு போட்ட அந்தப் பெண் எங்கே?"

"அவள் இப்போது இங்கே இல்லை."

"ஏழாவது பிரிவை அவள்தானே எழுதினாள்? என்னிடம் வாசித்துக் காட்டியது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. என் ஆலையில் வேலை செய்த பெண்களெல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சொல், அவளா இப்படிச் செய்தாள்?"

எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன வருஷம் மூளைக்காய்ச்சலில் நீ ஆறே நாளில் போய்விட்டாய் என்று உன் தம்பி எழுதினான். இங்கே உனக்கு நடந்தது அநியாயம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நான் மட்டும்தான் உனக்குத் துணையாக இருந்தேன் என்று நீ சொல்லியிருக்கிறாயாம். அதற்கு எனக்கு நன்றி சொல்லியிருந்தான். நானும் பதில் எழுதினேன். அழகாக, நான்கு பத்தி.

என் கிரீன் கார்டு வந்துவிட்டது. இனி உண்மையைச் சொன்னால் என்னை யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. ஸுஹுரா அம்மாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. உன் கையைப் பிடித்திருந்த அந்த மனுஷி இன்றைக்கும் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருப்பார். நான் இன்னும் போன் பண்ணவில்லை.