ஒன்றை மட்டும் தேர்வு செய்யவும்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் கண்ணும் உடம்பும் எப்படி இருக்கின்றன?

நீ அனுப்பிய கல்லூரிப் படிவத்தை இரண்டு முறை படித்தேன், சிரிப்பு அடங்கவில்லை. பார்வைக் குறைபாடு, பால்புதுமையர் (பெண்ணோடு வாழும் உன்னைப் போன்றவர்களாம்), இரண்டில் ஒன்றை மட்டும் தேர்வு செய்ய வேண்டுமாம். முதலாவதற்கு டிக் அடித்தால் விடைத்தாள் திருத்தப் பெரிய திரை, இரண்டாவதற்கு அடித்தால் அவளும் உன்னோடு ஆசிரியர் குடியிருப்பில் தங்கலாம். ஆக, திரை வந்தால் அவள் வெளியே, அவள் வந்தால் நீ தாளை மூக்கில் ஒட்டிக்கொண்டு திருத்த வேண்டும். எல்லா மாணவரையும் அரவணைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று மற்றப் பேராசிரியர்களுக்கு வகுப்பெடுக்க உன்னைக் கூப்பிட்ட அதே கல்லூரி! உன் ஒருத்தியை முழுசாக அரவணைக்கக் கை எட்டவில்லை போலிருக்கிறது. நான் டீச்சராக இருந்தபோது என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள், காது மந்தம், எழுதுவது இடது கையால். முதல் பெஞ்சில், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காத இடது ஓரத்தில் உட்கார வைத்தேன். காதுக்கு இந்த வருடம், கைக்கு அடுத்த வருடம் என்றா சொன்னேன்?

திங்கட்கிழமைக்குள் எதற்கு டிக் அடிப்பது என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். எட்டு வருடமாக நானும் அதே படிவத்தைத்தானே நிரப்பி வந்தேன். உன் கண்ணுக்காகத் தலைமையாசிரியரோடு சண்டை போட்ட கதையைக் கேட்காதவர்களுக்கும் சொல்வேன், அவளைப் பற்றிக் கேட்டால் மட்டும் ரூம்மேட் என்று மென்று விழுங்குவேன். நேற்று உன் சித்தி வந்து, "அந்த ரூம்மேட்டுக்கு எட்டு வருஷமாவா வேற வீடு கிடைக்கல?" என்றாள். "ரூம்மேட் இல்லடி, அவ என் பொண்ணோட துணை. ரெண்டு பேரும் சேர்ந்து வாழறாங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். சித்தி ஆறிப்போன டீயை நாலு தடவை ஊதினாள், பிறகு "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். இந்நேரம் உறவு மொத்தத்துக்கும் அவளே சொல்லி முடித்திருப்பாள், எனக்கு வேலை மிச்சம்.

அதனால் இரண்டுக்கும் டிக் அடி. கணினி ஏற்காவிட்டால் அச்செடுத்து, பேனாவால் இரண்டு கட்டத்திலும் அழுத்தி அடித்துப் பதிவாளர் கையில் கொடு. முடியாது என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல். வாயால் சுலபமாக மறுப்பவர்களுக்கு எழுதச் சொன்னால் பேனா கிடைக்காது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட மறக்காதே, அவளை நினைவூட்டச் சொல்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி. நீ கண்ணை இடுக்காமல் படிக்க, வழக்கம்போல எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். உறை மேல் முதல் முறையாக இரண்டு பெயரையும் எழுதினேன். இடம் தாராளமாகவே இருந்தது.

அன்புடன்,
அம்மா