ஒரே மகள், இரண்டு மதிப்பெண்

ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கு,

'அன்புள்ள' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது, கண்டுகொள்ளாதே.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எதிர்காலத்தில் எவ்வளவு நம்பிக்கை என்று வெளிநாட்டுக் கேள்விகளைத் தமிழாக்கி அளக்கிறாய். உன் பிழைப்பு அது. தாள் திருத்த உனக்கு உதவுகிற மாணவி பூட்டு வாங்க என் கடைக்கு வந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன், விஷயத்தையெல்லாம் கொட்டிவிட்டாள். என் மகள் முதல் தடவை வகுப்பிலேயே கடைசி. இரண்டு வாரம் கழித்து, அதே கேள்விகளுக்கு, வகுப்பிலேயே முதல். ஒரே பொட்டலம் ஆணிக்கு இரண்டு எடை காட்டினால் என் சட்டையைப் பிடிப்பார்கள். உனக்கோ டாக்டர் பட்டம் தரப்போகிறார்கள்.

பதிலை எழுது. நேரில் வந்து அழாதே, வியாபாரம் கெடும்.

அண்ணன்

ஜூன் 9

அண்ணாவுக்கு,

மாணவி சொன்னது தப்பு. நீங்கள் கறந்தது அதைவிடத் தப்பு.

தமிழாக்கம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கத்தான் இரண்டு தடவை கேட்பது. மற்ற பிள்ளைகளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது கேள்வி இல்லை. முதல் தடவைக்கு முந்தின நாள், "பத்தாவதோட போதும், கல்லாவுல உக்காரு" என்று உங்கள் மகளிடம் சொன்னது யார்? அப்புறம் நடந்ததை அவளிடமே கேளுங்கள். மிரட்டாமல் கேட்க வருமா?

தங்கை

ஜூன் 13

தங்கைக்கு,

கேட்டேன். "அத்தை வீட்டுல தங்கிப் படிக்கப்போறேம்பா. அத்தை சரின்னுட்டாங்க" என்கிறாள், ரசீது போடுகிற குரலில்.

அளக்கப் போனவள் தராசுத் தட்டில் கை வைத்திருக்கிறாய். உன் பேராசிரியருக்கு இது தெரியுமா? நான் ஒரு கடிதம் போட்டால் உன் பட்டம் போச்சு. அவளிடம் வீட்டில் இடமில்லை என்று சொல். நானும் வாயை மூடிக்கொள்கிறேன். இதுதான் பேரம்.

அண்ணன்

ஜூன் 18

அண்ணாவுக்கு,

பேராசிரியரிடம் நானே சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வகுப்பின் தாள்கள் முழுக்கக் கழித்தாயிற்று. வேறு பள்ளியில் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவளுக்குக் கொடுத்த வார்த்தை அப்படியே இருக்கிறது. நேற்று பெட்டியோடு வந்துவிட்டாள். உங்களிடம் விற்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

தங்கை

ஜூலை 2

அவள் கிளம்பும்போது, "நீ போனா கல்லாவ யாரு பாக்கறது?" என்றேன். "ஆள் போடுங்கப்பா. சம்பளம் குடுத்து" என்றாள். சந்தையில் ஒருவனும் என் வாயை இப்படி அடைத்ததில்லை.

பள்ளியில் கையெழுத்து கேட்டார்கள். போட்டேன். மாற்றுச் சான்றிதழ் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. உனக்காக இல்லை. நீ என் வாசல் மிதிக்காதே, நானும் வரமாட்டேன்.

அவள் வரலாம். நான் சொன்னதாகச் சொல்லாதே.