குளிக்காமல் குடித்த பால்

ஜனவரி 14, செவ்வாய்

கடல் அடங்க இரண்டு நாள் காத்திருந்து, இன்றுதான் எங்கள் ரிஷிரித் தீவிலிருந்து கப்பல் விட்டார்கள். சப்போரோவில் ரயிலை விட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. அறை சுசுகினோவில். நாளையிலிருந்து ஐந்து வாரம், விடுமுறை தவிர தினமும் கதிர்வீச்சு. மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில், எங்கள் கைக்கு எட்டும் வாடகையில் இருந்தது இந்த ஒரு விடுதிதான்.

தமோட்சு போனில், "சுசுகினோவா? குடிச்சுக் கும்மாளம் போடுற ஏரியாவாச்சே!" என்றார்.

"தூங்கத்தானே போறேன்."

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்."

இருபது வருடக் கணவர். இந்த ஊரைவிட எங்கள் ஊருக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்.

அறை சின்னது. கட்டில், மேசை, முழங்கால் மோவாயில் இடிக்கும் ஒரு குளியல் தொட்டி. ஜன்னல் நிறைய எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகைகள், மாடிக்கு ஐந்தாறு மதுக்கடை. கட்டிலுக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தேன். தூசி இல்லை. நாளை மறுபடி பார்க்கிறேன்.

முன்மேசையில் இருக்கும் ஓகிநுமா சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். "எட்டாவது மாடியில பெரிய குளியலறை இருக்குங்க. மூணு மணிக்குத் திறப்போம். எங்க விடுதிக்கு அதுதாங்க பெருமை."

நன்றி சொன்னேன். போகப்போவதில்லை.

ஜனவரி 15, புதன்

நெஞ்சிலும் விலாவிலும் ஊதா மையில் கோடு போட்டார்கள். கதிர் எங்கே விழ வேண்டும் என்பதற்கு அடையாளம். "தேய்ச்சிடாதீங்க, முடியற வரைக்கும் இருக்கணும்" என்றான் கதிர்வீச்சுக் கருவியை இயக்கும் பையன். என் ஆய்வகத்தில் கடற்பாசித் தழைகளை அளக்கும்போது நானும் இப்படித்தான் கோடு போடுவேன். பாசியிடம் நான் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை. இவன் கேட்டான்.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் தெருவைச் சுற்றி வந்தேன். இந்த இடத்தைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்தது ஓரளவு தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்பது மணிக்கு இது வேறு ஊர். கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கூர்களை நீளக் கழியால் தட்டி விழுத்துகிறார்கள். ஒரு ஆள் கீழே நின்று கையை விரித்து, போகிறவர்களை நிறுத்துகிறான். விஸ்கிக்குப் போடும் பனிக்கட்டி பாளம் பாளமாக வண்டியில் வருகிறது. நேற்றைய அழுக்குக் கைத்துண்டுகள் கூடைகூடையாகப் போகின்றன, வெளுத்தவை வருகின்றன. ஒரு கடை வாசலில் ஆளுயரப் பூக்கூடைகள். கடைக்கார அம்மாவுக்குப் பிறந்தநாளாம். இங்கே மதுக்கடை நடத்துகிறவளை எழுபது வயதுக் கிழவர்கூட 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்.

குடித்து விழுந்தவன் ஒருவன்கூடக் கண்ணில் படவில்லை. எல்லோரும் வேலையில் இருந்தார்கள்.

ஜனவரி 18, சனி

சிகிச்சை இல்லாத நாள். அதனால் யோசனை.

ஊரில் குளிர்காலம் என்றால் பொதுக் குளியல்தான். வீட்டில் தொட்டி இருந்தாலும் மாலை ஐந்து மணிக்குப் பெண்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, கடல் முள்ளெலி என்ன விலை, எல்லாம் அங்கே பேசி முடிவாகும். வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்ப்போம். என் முதுகு ஹட்சுயேவின் பொறுப்பு. பள்ளிக் காலத்திலிருந்து.

அக்டோபரில் இடது மார்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. குளிர், சளி, வேலை என்று காரணம் சொன்னேன். நவம்பரில் ஹட்சுயே வாசல்வரை வந்து கூப்பிட்டாள். டிசம்பரில் கூப்பிடவில்லை.

அந்தக் குளியலுக்குப் போகாதவளுக்கு எங்கள் ஊரில் என்ன மிச்சம் இருக்கும்? தபால் வரும். அவ்வளவுதான்.

ஜனவரி 20, திங்கள்

பனி. சிகிச்சை. தூக்கம். கட்டிலுக்கு அடியில் இன்றும் தூசி இல்லை.

ஜனவரி 22, புதன்

எட்டாவது மாடியில் குளியலறைக்கு வெளியே பால் விற்கும் இயந்திரம் இருக்கிறது. கண்ணாடிப் புட்டியில், அட்டை மூடி போட்ட பால். குளித்துவிட்டு வருகிறவர்கள் இடுப்பில் கை வைத்து ஒரே மூச்சில் குடிப்பார்கள். நான் தினமும் நாலு மணிக்குப் போய் ஒன்று வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். உள்ளிருந்து வாளிச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்கும். அதற்காகப் போகிறேன் என்று சொல்லமாட்டேன். பால் நன்றாக இருக்கிறது.

இன்று ஒருத்தி முன்னால் வந்து நின்றாள். ஈரத் தலை, ஒப்பனை இல்லாத முகம், கையில் சோப்புக் கூடை.

"அக்கா, ஒரு வாரமா பார்க்கிறேன். குளிக்காம பால் மட்டும் குடிக்கிற ஆள இப்பதான் பார்க்கிறேன்."

"காசு போட்டுத்தான் வாங்கினேன்."

"காசு போட்டா ஆச்சா? இது திருட்டுப் பால்!"

என்னைவிட நாலைந்து வயது பெரியவள். ஆனாலும் அக்கா. தொழில் பழக்கமாம். பெயர் தொகிவா, எதிர்க் கட்டடத்தில் நாலாம் மாடியில் கடை. கடை திறக்கும் முன் அக்கம்பக்கத்துக் கடைப் பெண்கள் இங்கே வந்து குளிக்க ஓகிநுமா அனுமதிக்கிறார்.

"சளி. அதான் குளிக்கல" என்றேன்.

"சளி பிடிச்சவங்க குளிர்ந்த பால் குடிப்பாங்களா?"

புட்டியை வைத்துவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் படித்து என்ன பயன், ஒரு பொய்கூட ஒழுங்காக வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

தமோட்சு போன். அலை அதிகம், கப்பல் இல்லை. "மேல் மாடியில குளியல் இருக்குதுன்னியே, போனியா?"

"போனேன். நல்லா இருந்தது."

இது ஒழுங்காக வந்தது.

ஜனவரி 29, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மருத்துவரிடம் கேட்டேன். இளஞ்சூட்டு நீர் என்றால் பரவாயில்லை, கோட்டைத் தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். அதற்குப் பிறகு சாக்கு இல்லை. மூன்று மணிக்குத் திறந்ததும் போனேன். யாரும் இல்லை. சுவரோரமாக உட்கார்ந்து கழுவிக்கொண்டு சூடு குறைந்த தொட்டியில் இறங்கினேன். பெரிய ஜன்னல். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்தில் முதன்முறையாக உடம்பு முழுவதும் தண்ணீருக்குள். தோளை இறக்கி உட்கார்ந்தேன்.

அப்போது உள்ளே வந்தாள் ஒரு பெண், வெளியூர்க்காரி. என்னைப் பார்த்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் துப்புரவு செய்யும் அம்மாள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, மிக மரியாதையாக: "மன்னிச்சுக்குங்க... பச்சை குத்தினவங்களுக்கு இங்க அனுமதி இல்லீங்க... சுவத்துல எழுதியிருக்குது..."

ஊதாக் கோடு. அதைப் பச்சை குத்தியது என்று நினைத்துவிட்டார்கள். எந்தக் குளியலறையிலும் இருக்கும் அறிவிப்புதான். ரவுடிக் கும்பல்காரர்களைத் தடுக்க வைத்தது. கடற்பாசி ஆராய்ச்சி செய்கிற என்னை ரவுடி என்று!

சிரிப்பு வரவேண்டிய விஷயம். வரல. எழுந்து, துடைச்சு, உடுத்தி, இறங்கி வந்துட்டேன். ஏன் சொல்லல? "சிகிச்சைக் கோடு" — ரெண்டே வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தையச் சொன்னா மத்ததையும் பார்ப்பாங்களே. அவள் கோட்டை மட்டும்தான் பார்த்தாளா? அதுக்குப் பக்கத்துல இல்லாததைப் பார்க்கலையா?

இனி போகமாட்டேன். பாலும் வேண்டாம்.

ஜனவரி 30, வியாழன்

கதவைத் தட்டினது தொகிவா. கையில் பால் புட்டி இரண்டு.

"அக்கா! கேள்விப்பட்டேன்!" கண் பளபளக்கிறது. "அமுக்கமா இருந்துட்டு! எங்க குத்தியிருக்கீங்க? பூவா, டிராகனா?"

"என்ன?"

கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைத் தோளிலிருந்து இறக்கினாள். முதுகில் நீல நிறத்தில் ஒரு கொடிப்பூ. "இருபத்திரண்டு வயசுல ஒரு தடியனுக்காகக் குத்திக்கிட்டது. அவன் போயிட்டான், பூ போகல. தோல் நிறத்துல பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு வருவேன். ஒட்டியிருந்தா யாரும் கேட்கமாட்டாங்க. ஓகிநுமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." பையிலிருந்து உள்ளங்கை அகல பிளாஸ்டர்களை அள்ளி மேசையில் வைத்தாள். "இந்த அளவு போதுமா? டிராகன்னா நாலு வேணும்."

சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். பிறகு சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். ஐயோ என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவது என்று இருந்தேன்.

"கோடு கோணலா இருக்குதே. எங்க தெருவுல இதைவிட நேரா குத்துவாங்க."

பாலைக் குடித்தோம்.

ஜனவரி 31, வெள்ளி

தொகிவா சொல்லியிருக்க வேண்டும், ஓகிநுமா காத்திருந்து இடுப்பு மடிய வணங்கினார். குளியலறைச் சுவரில் பழைய அறிவிப்புக்குக் கீழே புதிதாக ஒன்று, தூரிகை எழுத்தில்: 'சிகிச்சைக்காக உடலில் கோடு இட்டுக்கொண்டவர்களை வரவேற்கிறோம்.'

"வரவேற்கிறோம்னு எழுதிட்டேன். அனுமதி உண்டுன்னு எழுதினா நல்லா இல்லீங்க" என்றார்.

குறை சொல்ல எதையாவது தேடினேன். எழுத்து நன்றாக இருந்தது.

மூன்றரைக்குத் தொகிவாவும் இன்னும் இரண்டு கடைப் பெண்களும் வந்தார்கள். பரிதாபத்தை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஒரே ஒரு முறை நேராகப் பார்த்தார்கள்.

"வலிக்குதா?" — இளையவள்.

"இல்ல."

"அரிக்குதா?"

"ஆமா."

"சொறிஞ்சிடாதீங்க."

அதோடு முடிந்தது. கடைக்கு வரும் பல் டாக்டர் ஒருவர் பாட்டுப் பாடுவதைப் பற்றிச் சண்டை ஆரம்பித்தது. "அந்தாளு பாடினா பல்லே வலிக்குதுடி!" "உனக்கு வர்ற டிப்ஸு இனிக்குதுல்ல?" நடுவில் என் பின்னால் ஒரு குரல்: "அக்கா, முதுகக் காட்டுங்க."

காட்டினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பனி விழா. பெரிய தெரு நடுவே பனிக்கட்டிச் சிற்பங்கள். ஒரு பாளத்துக்குள் சால்மன், நண்டு, கடற்பாசி எல்லாம் உறைந்து கிடக்கின்றன. பாசியைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். வேர் மேலே. சிற்பியிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் வந்து நீங்களே வச்சுக் கொடுங்க" என்றான்.

அடுத்த வருஷம். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

பிப்ரவரி 12, புதன்

தோல் சிவந்து எரிகிறது. தொட்டியில் இறங்க முடியவில்லை. விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தேன். தொகிவாவும் அந்த இருவரும் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாலை ஆறு மணிக்குத் தொகிவாவின் கடை. எட்டுப் பேர் உட்காரலாம். ஒப்பனை செய்து உடை உடுத்தியதும் அவள் வேறு ஆள், குரல்கூட அரை சுரம் கூடிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் கிளம்பினால் லிஃப்ட் வரை போய், கதவு மூடும்வரை குனிந்து நிற்கிறாள். திரும்பி வரும்போது முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. நடிப்பா என்று கவனித்தேன். உழைப்பு. இரண்டும் வேறு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

பின் அலமாரியில் வாடிக்கையாளர்களின் விஸ்கிப் புட்டிகள், கழுத்தில் பெயர்ச்சீட்டு தொங்க. எனக்கு மது ஆகாது என்பதால் இஞ்சிப் பாகு ஊற்றிச் சுடுநீர் கலந்து தந்தாள். பிறகு அந்தப் பாகுப் புட்டியின் கழுத்தில் என் பெயரை எழுதிக் கட்டி, விஸ்கிகளுக்கு நடுவில் வைத்தாள்.

"மூணு மாசம் வரலன்னா தூக்கிப் போட்டுருவேன். எங்க கடைச் சட்டம்."

"மூணு மாசத்துலதான் அடுத்த பரிசோதனை."

"அப்ப சரியாப் போச்சு."

பிப்ரவரி 19, புதன்

கடைசி நாள். கோடுகளை அந்தப் பையனே பஞ்சால் துடைத்தெடுத்தான். நன்றாக ஆகும் என்று மருத்துவர் சொல்லவில்லை. நன்றாகப் போனது என்றார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

தொகிவா: "அழிச்சிட்டாங்களா? இனி உங்கள எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

மூன்று மணிக்குக் குளித்தேன். இடுப்பில் கை வைத்துப் பால் குடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய். ரிஷிரி

ஐந்து மணிக்கு வாளியை எடுத்தேன். தமோட்சு என் செருப்பைத் திருப்பி, போகும் திசை பார்த்து வைத்தார்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஏழெட்டுப் பேர். எல்லார் பார்வையும் ஒரே இடத்துக்குப் போய், உடனே ஓடிப்போய் வாளிக்குள் ஒளிந்தது. என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். ஹட்சுயே பக்கத்தில் இருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் பேச வேண்டுமே என்பதற்காக, "இத்தனை நாள் சப்போரோவுல எங்க தங்கியிருந்தே?" என்றாள்.

"சுசுகினோவுல."

வாளிக்குள் ஒளிந்திருந்த பார்வை எல்லாம் வெளியே வந்தது.

"எங்க?!" — தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து. "சுசுகினோவுலயா? நீயா?"

"அடிப்பாவி, அஞ்சு வாரமா?"

"ராத்திரியெல்லாம் எப்படி இருக்கும்? பொம்பளைங்க எப்படி உடுத்துறாங்க? மதுக்கடைக்குள்ள போனியா? பொய் சொல்லாதே!"

போனேன், என் பெயரில் ஒரு புட்டியே இருக்கிறது என்றேன். தண்ணீரை அலைத்துக்கொண்டு எல்லாரும் என்னைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள். கொடிப்பூவைச் சொன்னேன். என்னை ரவுடி என்று நினைத்ததைச் சொன்னேன், கோடு இருந்த இடத்தை விரலால் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. தண்ணீர் ஆறும்வரை விடவில்லை. யார் எதைப் பார்த்தார்கள் என்று எனக்குக் கவனமில்லை.

"முதுகக் காட்டு" என்றாள் ஹட்சுயே. தேய்த்துக்கொண்டே, மற்றவர்கள் காதில் விழாதபடி: "மே மாசம் பரிசோதனைக்குப் போறேன்னியே... துணைக்கு நான் வரட்டுமா?"

நாளை ஓகிநுமாவுக்குப் போன் செய்ய வேண்டும். இரண்டு கட்டில் உள்ள அறையாக.