உதட்டிதழின் நிறம்

12 ஜூன் 1966, ரங்கத்
மழை. இன்று லூர்துநாதனை ஓடைக்கரையில் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கீழே வனக்காவலன். என் காமிராப் பெட்டியைச் சுமப்பவன். போன வருடம் நான் கண்ட அபூர்வக் கொடிச்செடியைத் தான் கண்டதாக அதிகாரியிடம் சொல்லிப் பாராட்டு வாங்கியவன். அரை மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டேன். குனிந்த தலை நிமிரவில்லை. கள்ளன்!
காலடியில் இலையில்லாத ஆர்க்கிட் செடிகள் சில, பூவோடு. இரண்டு படம். ஒரு செடியைக் காகிதத்தில் அழுத்தினேன்.

14 ஜூன்
அதிகாரிக்கு மனு அனுப்பினேன். ‘இவன் வாய்ச்சொல்லை எந்தப் பதிவுக்கும் ஆதாரமாகக் கொள்ளலாகாது.’ நல்ல வாக்கியம்.

3 ஆகஸ்ட்
அவனைத் தெற்கே வண்டூருக்கு மாற்றிவிட்டார்கள்.

20 ஜனவரி 1967
குடியேற்றத்துக்காக ஓடைக்கரைக் காட்டை வெட்டியாயிற்று. யானை கட்டை இழுக்கிறது. “சப் ஸாஃப், சாப்!” என்றான் மேஸ்திரி, பெருமையாக. எல்லாம் சுத்தமாம்.

9 பிப்ரவரி
நான் அனுப்பிய ஆர்க்கிட்டைப் பார்த்த கல்கத்தா நிபுணரின் கடிதம் கப்பலில் வந்தது. புதிய இனமாக இருக்கலாமாம். என் பெயரையே வைக்கலாமாம். ஆனால் செடி காய்ந்து கறுத்துவிட்டது. படம் கறுப்பு வெள்ளை. பூவில் உதடுபோல் நீளும் அந்த உதட்டிதழின் நிறம் என்ன? அது தெரியாமல் முடிவில்லை.
ஜூன் 12-ஐப் புரட்டினேன். பக்கம் முழுக்க லூர்துநாதன். நிறம் எங்கே? கண்ணை மூடினால் அவன் உச்சந்தலைதான் தெரிகிறது. இருபது வருஷம் இந்தத் தீவுக் காட்டுல அட்டைக் கடி பட்டு — ஒரு வார்த்தை எழுதி வைக்கலையே, மடையா!

26 பிப்ரவரி, வண்டூர்
போகாமல் முடியவில்லை. அவன் மனைவி ரோசலின் டீயை நீட்டினாள். “பெட்டிஷன் எழுதுன கைதான சார், சூடு தாங்கும். புடிங்க.”
அவனிடம் பூவின் நிறத்தைக் கேட்டேன்.
“பூரா டைமும் ஏசிக்கிட்டே இருந்தீங்க. நான் குனிஞ்சு நின்னேன். வேற எதைப் பாக்க?”
சொன்னான். தயங்காமல், இதழ் இதழாக.
“நான் சொன்னதுன்னு எழுதுவீங்களா சார்?”

1 மார்ச், ரங்கத்
கடிதம் அதே அதிகாரி வழியாகத்தான் போகவேண்டும். அவன் பெயரை எழுதினால் மனுவைத் திரும்பப் பெறவேண்டும். அவன் கண்டதை நானே கண்டதாக எழுதினால்? அதற்குத்தானே அவன்மேல் மனு கொடுத்தேன்.
‘நிறம்: குறிக்கப்படவில்லை.’ அனுப்பிவிட்டேன்.

18 மே
என் செடியைப் பெயர் தெரியாதவற்றோடு சேர்த்துவிட்டார்களாம்.

12 ஜூன்
ஓடைக்கரைக்குப் போனேன். நாற்றங்காலுக்கு உழுதிருக்கிறார்கள்.
உதட்டிதழ் வெளிர்பச்சை. நடுவில் மூன்று செம்மஞ்சள் கோடுகள். ஓரம் ஊதா.
கண்டவர்: லூர்துநாதன்.